பத்தே ஆண்டுகள் தலைமை தாங்கிய பில் வால்ஷை ஏன் எல்லோரும் ஆசான் என்கிறார்கள்?

கேட்கப்பட்ட கேள்வி இது: தொழில்முறை அமெரிக்கக் கால்பந்தில் டான் ஷூலா தலைமைப் பயிற்சியாளராக 347 ஆட்டங்களை வென்றவர். பில் வால்ஷ் தலைமைப் பயிற்சியாளராக இருந்ததோ பத்து சீசன்கள்தான். சீசன் முடிவில் கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃப் ஆட்டங்களையும் சேர்த்து அவர் வென்றவை 102. அப்படியிருக்க, சிறந்த பயிற்சியாளர்கள் என்று பேச்செடுத்தாலே வால்ஷின் பெயர் முன்னால் வந்து நிற்பது ஏன்?

வெற்றிகளை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் இதற்குப் பதில் கிடைக்காது. ஷூலாவின் சாதனை மலை போன்றது. அதைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. ஆனால் இன்று எந்த அணியின் ஆட்டத்தைப் பார்த்தாலும், பந்து எறியப்படும் விதத்திலும், பயிற்சி நடக்கும் விதத்திலும், பயிற்சியாளர் கையில் வைத்திருக்கும் தாளிலும் வால்ஷின் கைரேகை தெரிகிறது. அவர் அடிமுதல் நுனிவரை ஒரு வாத்தியார். அந்தக் கோணத்தில் அவர் வாழ்க்கையைப் படித்தால்தான் அந்தப் பத்து ஆண்டுகளின் எடை புரியும் என்பது என் கருத்து.

ஆட்டத்தை அறியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. மைதானம் 100 கஜ நீளம். இரு முனைகளிலும் பத்துப் பத்துக் கஜத்துக்கு இறுதிப் பகுதி. பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள். அதற்குள் பத்துக் கஜமாவது முன்னேற வேண்டும். முன்னேறினால் புதிதாக நான்கு வாய்ப்புகள். இறுதிப் பகுதிக்குள் பந்தைக் கொண்டுசேர்த்தால் டச் டவுன், ஆறு புள்ளிகள். அதையொட்டிப் பந்தை உதைத்து இன்னொரு புள்ளியும் எடுக்கலாம். ஒவ்வொரு முயற்சியும் சில நொடிகளில் முடிந்துவிடும். அடுத்து என்ன செய்வது என்று வெளியே நிற்கும் பயிற்சியாளர் முடிவெடுத்து உள்ளே சொல்லி அனுப்புவார். பதினொரு பேரும் அந்த ஒரே கட்டளைக்கு அசைய வேண்டும். பந்தை வாங்கி எறிபவர் குவார்ட்டர்பேக். ஓடிப்போய்ப் பிடிப்பவர்கள் ரிசீவர்கள். ஓர் ஆட்டத்தில் ஓர் அணி இப்படி அறுபது, எழுபது முறை முயலும். அத்தனை முறையும் முடிவு பயிற்சியாளருடையது. இந்த விளையாட்டில் பயிற்சியாளருக்கு இவ்வளவு மரியாதையும் இவ்வளவு ஏச்சும் கிடைப்பதற்குக் காரணம் இதுதான்.

வால்ஷ் 1931 நவம்பர் 30 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் பிறந்தவர். சான் ஹோசே மாநிலக் கல்லூரியில் விளையாடினார். பெயர் சொல்லும்படியான வீரர் என்று சொல்ல முடியாது. குத்துச்சண்டையில்தான் அவருக்கு ஆழ்ந்த நாட்டம். எதிராளி கையைத் தூக்குவதற்கு முன் நம் அடி விழுந்துவிட வேண்டும் என்று பின்னாளில் வீரர்களுக்கு அவர் ஓயாமல் சொன்னது அந்தக் களத்தில் கற்றது. முதுகலைப் பட்டத்துக்கு அவர் எழுதிய ஆய்வேடுகூடக் கால்பந்து அணிவகுப்புகளைத் தடுக்கும் முறை பற்றியதுதான்.

1957இல் கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகரில் வாஷிங்டன் உயர்நிலைப் பள்ளியில் தொடங்கினார். பிறகு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் மார்வ் லெவியின் உதவியாளர். அடுத்து ஸ்டான்ஃபோர்டில் ஜான் ரால்ஸ்டனின் உதவியாளர். 1966இல் ஓக்லாந்து ரெய்டர்ஸில் ஓராண்டு. பந்தை எறிந்து முன்னேறும் கலையின் இலக்கணத்தை அங்கேதான் முறையாகக் கற்றார். 1967இல் சான் ஹோசே அப்பாச்சிஸ் என்ற சிறிய லீக் அணிக்குத் தலைமை. அந்த அணி நிலைக்கவில்லை. அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளரின் வாழ்க்கை பெரும்பாலும் இப்படித்தான் ஓடும்: இரண்டு மூன்று ஆண்டுகளுக்கொரு முறை வீட்டைக் காலி செய்து, மனைவி மக்களோடு இன்னொரு ஊருக்கு மூட்டை கட்டுவது. இன்னொருவரின் நிழலில் நின்று வேலையைக் கற்பது. தலைமைப் பதவி எப்போது வரும், வருமா என்றே தெரியாமல் காத்திருப்பது.

1968இல் பால் பிரவுன் அவரை சின்சினாட்டிக்கு அழைத்தார். பிரவுன் சாதாரண ஆள் இல்லை. வகுப்பறை, பாடக்குறிப்பு, ஆட்டப் பதிவுகளை ஓட்டிப் பார்த்துக் குறையெடுப்பது என்று இந்தத் தொழிலுக்கே ஒழுங்கைக் கொண்டுவந்தவர். அவர் புதிதாகத் தொடங்கிய சின்சினாட்டி பெங்கால்ஸ் அணியில் வால்ஷ் எட்டு ஆண்டுகள் இருந்தார். அவர் வாழ்வின் மிக முக்கியமான காலம் அதுதான் என்று நான் நினைக்கிறேன். கோப்பைகள் வந்த காலம்கூட அதற்கு அடுத்துதான்.

1969இல் பெங்கால்ஸுக்கு கிரெக் குக் என்ற குவார்ட்டர்பேக் வந்தார். நெடிய உருவம், பீரங்கி போன்ற கை. அவரைப் போன்ற திறமையைத் தான் கண்டதில்லை என்ற பொருளில் வால்ஷ் பிற்காலத்திலும் பேசினார். ஆனால் முதல் சீசனிலேயே அவருடைய தோள்பட்டைத் தசைநார் கிழிந்தது. வலியோடு ஆடி முடித்த அந்த சீசனுக்குப் பிறகு அவர் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. அவர் இடத்துக்கு வந்தவர் வெர்ஜில் கார்ட்டர். கூர்மையான மூளை, வேகமான கால்கள், ஆனால் தூரம் எறியும் கை கிடையாது. (கணிதத்தில் தேர்ந்தவர், மைதானத்தின் எந்த இடத்தில் பந்து இருந்தால் எத்தனை புள்ளிகளை எதிர்பார்க்கலாம் என்று கணக்கிட்டு 1971இல் ஓர் ஆய்வுக் கட்டுரையே எழுதினார். இன்று எல்லா அணிகளும் சம்பளம் கொடுத்து ஆள் வைத்துச் செய்யும் வேலை அது.) நாற்பது கஜம் பறக்கும் பந்தை இவரால் நம்பி எறிய முடியாது. அப்படியானால் என்ன செய்வது?

வால்ஷ் மைதானத்தை அகலவாட்டில் பார்க்கத் தொடங்கினார். நீளம் 100 கஜம் என்பது எல்லோருக்கும் தெரியும். அகலம் 53 கஜத்துக்கும் மேல் என்பதை யார் கணக்கில் எடுத்தார்கள்? ஐந்து கஜம், ஏழு கஜம் எனச் சிறிய தூரத்துக்கு எறி. ஆனால் பக்கவாட்டில் பரப்பி எறி. ஒரே நேரத்தில் நான்கைந்து பேரை வெவ்வேறு ஆழத்தில் ஓடவிடு. தடுப்பவர்கள் ஒருவரைப் பின்தொடர்ந்தால் இன்னொருவர் வெளிப்பட்டு நிற்பார். பந்தைப் பிடித்த பிறகு ஓடி எடுக்கும் கஜங்கள்தான் உண்மையான லாபம்.

இதைச் சற்று அருகில் போய்ப் பார்த்தால்தான் அதன் அழகு தெரியும். பந்து கைக்கு வந்ததும் குவார்ட்டர்பேக் பின்னால் நகர்வார். அந்த அடிகளுக்குக் கணக்கு உண்டு. மூன்றடி, ஐந்தடி, ஏழடி. வால்ஷின் முறையில் அந்த அடிகளே கடிகாரம். ஐந்தாவது அடியில் பின்கால் ஊன்றும் அதே கணத்தில் ரிசீவர் தன் ஓட்டத்தை முறித்துத் திரும்ப வேண்டும். அவர் முகம் திரும்புவதற்குள் பந்து கையைவிட்டுக் கிளம்பியிருக்க வேண்டும். முதலாமவரை எதிரணி அடைத்திருந்தால் கண் இரண்டாமவரிடம் போகும். அவரும் இல்லையென்றால் மூன்றாமவர் எந்த இடத்தில், எந்த நொடியில் இருப்பார் என்பது எறிபவருக்கு முன்பே தெரியும். பந்தும் ஏதோ ஓரிடத்தில் போய் விழக்கூடாது. ஓடுபவர் வேகம் குறையாமல் பிடிக்கும்படி உடம்புக்குச் சற்று முன்னால் வந்து சேர வேண்டும். மிருதங்கமும் பாட்டும் ஒரே தாளத்தில் வந்து சமத்தில் விழுவதைப் போன்ற வேலை இது. கை பலத்தின் இடத்தில் காலப் பிரமாணத்தை வைத்தார் வால்ஷ்.

1970 சீசனில் பெங்கால்ஸ் முதல் ஏழு ஆட்டங்களில் ஆறைத் தோற்று, அடுத்த ஏழையும் வென்று தன் பிரிவில் முதலிடம் பிடித்தது. 1971இல், எறிந்த பந்துகளில் அதிக விழுக்காடு இலக்கைச் சேர்த்த குவார்ட்டர்பேக்காக லீகிலேயே முதலாவதாக வந்தவர் கார்ட்டர். அதே ஆண்டு இல்லினாயின் அகஸ்டானா என்ற சிறிய கல்லூரியிலிருந்து வந்த கென் ஆண்டர்சன், வால்ஷின் கையில் நாட்டின் சிறந்த குவார்ட்டர்பேக்குகளில் ஒருவராக வளர்ந்தார். பின்னாளில் இந்த முறைக்கு 'மேற்குக் கடற்கரை ஆட்டமுறை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பிறந்த இடம் ஒஹையோ நதிக்கரை. கடற்கரைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இந்தப் பெயரை வால்ஷே ஏற்கவில்லை.

1975 சீசன் முடிந்ததும் பால் பிரவுன் ஓய்வு பெற்றார். அடுத்த தலைமை வால்ஷுக்குத்தான் என்று பலரும் எதிர்பார்த்தார்கள், வால்ஷும் எதிர்பார்த்தார். பிரவுன் வேறொரு உதவியாளரான பில் ஜான்சனைத் தேர்ந்தெடுத்தார். அதுமட்டுமல்ல, மற்ற அணிகள் தன்னைப் பற்றி விசாரித்தபோது பிரவுன் சாதகமாகப் பேசவில்லை என்று வால்ஷ் பின்னர் வெளிப்படையாகவே சொன்னார். எட்டு ஆண்டு உழைத்த இடத்தில் கிடைத்த அந்த அடி ஆறாத புண்ணாக நின்றது. அவர் சான் டியாகோ சார்ஜர்ஸுக்குப் போனார். அங்கே தடுமாறிக்கொண்டிருந்த டான் ஃபவுட்ஸ் என்ற குவார்ட்டர்பேக்கை ஒரே ஆண்டில் சீராக்கினார். 1977இல் ஸ்டான்ஃபோர்டு தலைமைப் பதவி கொடுத்தது. இரண்டு சீசன்களில் 17 வெற்றி, ஏழு தோல்வி, இரண்டு ஆண்டும், சிறந்த கல்லூரி அணிகள் சீசன் முடிவில் ஆடும் பௌல் ஆட்டத்தில் வெற்றி. இதைப் பார்த்துத்தான் 1979 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோ ஃபோர்ட்டிநைனர்ஸ் அணியின் இளம் உரிமையாளர் எடி டிபார்ட்டலோ அவரை அழைத்தார். வால்ஷுக்கு அப்போது வயது 47. பள்ளி மைதானத்தில் தொடங்கி 22 ஆண்டுகள் ஓடியிருந்தன.

அவர் கைக்கு வந்த அணி எப்படிப்பட்டது தெரியுமா? 1978இல் 16 ஆட்டங்களில் இரண்டை மட்டும் வென்ற அணி. இந்த லீகில் கடைசி இடம் பிடிக்கும் அணிக்கு ஒரே ஆறுதல், அடுத்த ஆண்டு டிராஃப்ட்டில் கல்லூரி வீரர்களில் முதல் ஆளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை. அந்த உரிமையைக்கூட முந்தைய நிர்வாகம் ஓ. ஜே. சிம்ப்சனை வாங்குவதற்காகப் பஃபலோ அணியிடம் கொடுத்துவிட்டிருந்தது. கையில் காசும் இல்லை, விதைநெல்லும் இல்லை என்ற நிலை.

வாத்தியார் முதலில் திருத்தியது பள்ளிக்கூடத்தை. அலுவலகத்தில் தொலைபேசியை எடுப்பவர் எப்படிப் பேச வேண்டும், பயிற்சியில் சட்டை எப்படி இருக்க வேண்டும், உதவிப் பயிற்சியாளர் ஒரு தவறைத் திருத்தும்போது என்ன சொல்ல வேண்டும் என்பதுவரை எழுதிவைத்தார். மைதானத்தில் கத்தல் கூச்சல் குறைவு. பயிற்சியில் வீரர்கள் ஒருவரையொருவர் மோதி நொறுக்குவதை அவர் விரும்பவில்லை. உடம்பு ஞாயிற்றுக்கிழமைக்கு வேண்டும். நிமிடக் கணக்கில் பாடத்திட்டம். எந்த நிலைமைக்கு எந்தப் பதில் என்பது தனித்தனியாகப் பயிற்சி செய்யப்பட்டது: நம் கோல் கோட்டுக்கு அருகே சிக்கிக்கொண்டால், கடைசி இரண்டு நிமிடங்களில் பின்தங்கியிருந்தால், மூன்றாவது வாய்ப்பில் நெடுந்தூரம் மிச்சமிருந்தால்.

அந்த 1979 டிராஃப்ட்டில் மூன்றாவது சுற்றில், 82ஆவது ஆளாக, ஜோ மான்டனாவை எடுத்தார். கை பலம் போதாது என்று மற்ற அணிகள் ஒதுக்கியவர். வால்ஷ் பார்த்தது கால்களை. அந்தப் பாத அசைவில் ஒரு நடனம் இருந்தது. இன்னொரு தேர்வு இன்னும் சுவையானது. கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவ் ஃபுல்லர் என்ற குவார்ட்டர்பேக்கைப் பரிசோதிக்கப் போனார் வால்ஷ். தொலைபேசியை எடுத்தவர் ஃபுல்லரின் அறைத்தோழர். எறிகிற பந்தைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டுமே என்று அவரையும் வரச் சொன்னார். வந்து பிடித்தவர் டுவைட் கிளார்க். பத்தாவது சுற்றில் 249ஆவது ஆளாக அவரைத் தேர்ந்தெடுத்தார். எறிபவரைச் சோதிக்கப் போன இடத்தில் பிடிப்பவரைப் பார்க்கக் கண் வேண்டும்.

முதல் ஆண்டு மீண்டும் 2 வெற்றி, 14 தோல்வி. ஆனால் பந்தெறியும் எண்ணிக்கைகள் மாறியிருந்தன. அப்போதைய குவார்ட்டர்பேக் ஸ்டீவ் டிபெர்க் ஒரே சீசனில் 347 பந்துகளை இலக்கில் சேர்த்தார், அன்றைக்கு அது லீக் சாதனை. 1978இல்தான் விதிகள் மாறி, ஐந்து கஜத்துக்கு அப்பால் ரிசீவரைத் தள்ளக்கூடாது என்று ஆகியிருந்தது. காலப் பிரமாணத்தை நம்பும் ஆட்டத்துக்கு அந்த விதி பெரும் துணை. முறை சரியாகத்தான் இருந்தது, வெற்றிதான் வரவில்லை.

1980இல் முதல் மூன்று ஆட்டங்களை வென்றார்கள். பிறகு அடுத்தடுத்து எட்டுத் தோல்விகள். எட்டாவது தோல்வி மயாமியில், 17-13. அன்றிரவு கலிஃபோர்னியா திரும்பும் விமானத்தில் வால்ஷ் அழுதார். உதவிப் பயிற்சியாளர்கள் சுற்றி நின்று பேசுவதுபோல வீரர்கள் கண்ணில் படாமல் அவரை மறைத்துக்கொண்டார்கள். பதவியை விட்டு விலகிவிடலாம் என்று அந்த இருட்டில் முடிவெடுத்து, விமானம் தரையிறங்குவதற்குள் மனத்தை மாற்றிக்கொண்டதைப் பின்னாளில் அவரே விவரித்தார். இந்தத் தொழிலில் வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது அந்த விமானத்தைப் பற்றித்தான். ஐம்பதை நெருங்கும் மனிதர், 22 ஆண்டு காத்திருந்து கிடைத்த பதவி, இரண்டு ஆண்டுகளில் ஐந்தே வெற்றி. அடுத்த வாரம் எதுவும் நடக்காததுபோலப் பாடம் எடுக்க அவர் போய் நிற்க வேண்டியிருந்தது, போய் நின்றார். டிசம்பரில் நியூ ஆர்லியன்ஸுக்கு எதிராகப் பாதி ஆட்டத்தில் 35-7 என்று பின்தங்கியவர்கள், கூடுதல் நேரத்தில் 38-35 என்று வென்றார்கள். குவார்ட்டர்பேக் மான்டனா.

1981 டிராஃப்ட்டில் பின்வரிசைத் தடுப்புக்கு ரானி லாட், எரிக் ரைட், கார்ல்டன் வில்லியம்சன் என மூன்று புதியவர்களை எடுத்து, மூவரையும் நேராகக் களத்தில் இறக்கினார். ஒருவர் இருவர் என்றால் துணிச்சல் என்பார்கள். மூவர் என்றால் பலர் தலையில் அடித்துக்கொள்வார்கள். அந்த சீசன் 13 வெற்றி, மூன்று தோல்வியில் முடிந்தது.

இங்கே அந்தத் தாளைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். சின்சினாட்டியில் ஆட்டத்துக்கு முன்பே முதல் சில நகர்வுகளை முடிவு செய்துகொள்ளும் வழக்கத்தைத் தொடங்கினார் வால்ஷ். நாளடைவில் அது 15 ஆனது, பிறகு 25 ஆனது. ஆட்டத்துக்கு முந்தைய நாளே அந்தப் பட்டியல் வீரர்கள் கையில் இருக்கும். காரணம் எளியது. எண்பதாயிரம் பேர் இரைச்சலிடும்போது, காலம் ஓடும்போது, நெஞ்சு படபடக்கும்போது, மனிதன் எடுக்கும் முடிவு தரம் தாழ்ந்துதான் இருக்கும். அதே மனிதன் வியாழக்கிழமை மாலை அமைதியான அறையில் உட்கார்ந்து யோசித்தால் நன்றாக முடிவெடுப்பான். ஆகவே கடினமான யோசனையை முன்கூட்டியே செய்துவிடு. இன்னொரு பயனும் உண்டு: ஒவ்வோர் அணிவகுப்புக்கும் எதிரணி எப்படி நகர்கிறது என்பதைக் கவனித்து, அதற்கேற்ற பொறியைப் பின்பாதிக்கு வைத்துக்கொள்ளலாம்.

அந்த முறைக்குச் சோதனை 1982 ஜனவரி 10 அன்று, சூப்பர் பௌல் என்னும் லீக் இறுதிப் போட்டிக்கு முந்தைய ஆட்டத்தில், சொந்த மைதானமான கேண்டில்ஸ்டிக் பார்க்கில் வந்தது. எதிரணி டல்லஸ் கௌபாய்ஸ். 27-21 என்று பின்தங்கிய நிலை, ஐந்து நிமிடத்துக்கும் குறைவான நேரம், சொந்தக் கோல் கோட்டிலிருந்து 11 கஜத்தில் பந்து; போக வேண்டிய தூரம் 89 கஜம். வால்ஷ் பந்தை எறிவார் என்று எதிர்பார்த்து டல்லஸ் பின்வரிசையில் ஆள்களைக் கூட்டியது. அவரோ ஓட்டங்களைக் கட்டளையிட்டார். பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடியவர் லென்வில் எலியட். சின்சினாட்டியில் வால்ஷ் அறிந்த பழைய ஆள், பெரிய நட்சத்திரம் இல்லை. நேரம் ஒரு நிமிடத்துக்கும் கீழே இறங்கியபோது பந்து ஆறு கஜக் கோட்டில் இருந்தது, மூன்றாவது வாய்ப்பு. மான்டனாவை ஓரத்துக்கு அழைத்து, வலப்பக்கம் ஓடி எறியும் ஒரு நகர்வைச் சொன்னார். அதே நகர்வில் முதல் பாதியில் ஃப்ரெடி சாலமன் டச் டவுன் அடித்திருந்தார். சாலமன் கிடைக்கவில்லையென்றால் கிளார்க்கைப் பார், அவரும் இல்லையென்றால் பந்தை வெளியே எறிந்துவிடு என்பது கட்டளை.

சாலமன் வழியில் கால் இடறினார். மூன்று பேர் மான்டனாவைத் துரத்தினார்கள். அவர்களில் ஒருவர் ஆறடி ஒன்பது அங்குல உயரமுள்ள எட் ஜோன்ஸ். ஓரக்கோட்டை நோக்கிப் பின்வாங்கிக்கொண்டே மான்டனா உயரமாக எறிந்தார். வெளியே போகிற பந்து என்றுதான் பார்த்தவர்கள் நினைத்தார்கள். இறுதிப் பகுதியின் பின்கோட்டருகே கிளார்க் எம்பி, விரல் நுனிகளில் அதைப் பிடித்தார். 28-27. இதை அதிர்ஷ்டம் என்று சொல்கிறவர்கள் உண்டு. கிளார்க் அந்த மூலைக்கு ஓடித் திரும்பி வர வேண்டும் என்பது பயிற்சியில் பலமுறை ஒத்திகை பார்த்தது. மீதமிருந்த 51 நொடிகளில் டல்லஸின் ட்ரூ பியர்சன் பந்தைப் பிடித்துத் தப்பி ஓடப் பார்த்தபோது, சட்டைக் கழுத்தைப் பற்றி இழுத்து நிறுத்தியவர் யார்? புதியவர் எரிக் ரைட். எல்லோரும் அந்தப் பிடியை நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்த இழுப்பும் அதே அளவு முக்கியம்.

இரண்டு வாரம் கழித்து மிஷிகனின் பான்டியாக்கில் சூப்பர் பௌல். வீரர்கள் பஸ்ஸிலிருந்து விடுதி வாசலில் இறங்கியபோது சுமை தூக்கும் பணியாளர் ஒருவர் பெட்டிகளைப் பிடுங்குவதுபோல வந்து தொந்தரவு செய்தார். சிலர் பெட்டியைக் கொடுக்க மறுத்து இழுத்தார்கள். தொப்பியும் சீருடையும் அணிந்து நின்றவர் வால்ஷ். இறுக்கத்தில் வந்த பிள்ளைகளைச் சிரிக்கவைக்க வாத்தியார் போட்ட வேஷம். எதிரணி சின்சினாட்டி பெங்கால்ஸ். உரிமையாளர் பகுதியில் பால் பிரவுன், களத்தில் வால்ஷ் வளர்த்த கென் ஆண்டர்சன். 26-21 என்று வென்றார்.

1984 சீசன் அணியைத்தான் அவருடைய ஆகச் சிறந்த படைப்பு என்பேன். 16 ஆட்டங்களில் 15 வெற்றி; சூப்பர் பௌலில் டான் மரினோவின் மயாமியை 38-16 என்று வீழ்த்தியது, அதுவும் வால்ஷ் பாடம் நடத்திய ஸ்டான்ஃபோர்டு மைதானத்திலேயே. 1985இல் மிசிசிப்பி வேலி என்ற சிறிய கல்லூரியிலிருந்து ரிசீவர் ஜெர்ரி ரைஸை எடுத்தார். 1986 டிராஃப்ட்டில் முன்வரிசையில் தேர்ந்தெடுக்கும் வாய்ப்புகளை மற்ற அணிகளுக்கு விற்று விற்றுப் பின்னால் நகர்ந்து, ஜான் டெய்லர், சார்ல்ஸ் ஹேலி, டாம் ராத்மன், ஸ்டீவ் வாலஸ் எனப் பிந்தைய சுற்றுகளில் ஒரு முழு அணிக்கான தூண்களை அள்ளினார்.

ஆனால் அவரைத் தெய்வமாக்க வேண்டியதில்லை. வயது ஏறும் வீரர்களைக் கறாராகக் கழற்றிவிடுவார். அவருக்காக உடம்பை உடைத்துக்கொண்டவர்கள் அதை மறக்கவில்லை. 1982இல் பட்டத்தைத் தக்கவைக்க முடியாமல் மூன்றே வெற்றிகளோடு அணி சரிந்தது. 1988 ஜனவரியில், 13 வெற்றிகளோடு வந்த அணி, சொந்த மைதானத்தில் மின்னசோட்டாவிடம் 36-24 என்று தோற்றது. அந்த ஆட்டத்தின் நடுவில் மான்டனாவை வெளியே எடுத்து ஸ்டீவ் யங்கை இறக்கினார் வால்ஷ். மான்டனாவுக்கு அது அவமானம். உரிமையாளருக்குக் கோபம், பயிற்சியாளர் பதவியோடு வால்ஷ் வகித்த அணி நிர்வாகத் தலைவர் பதவியைப் பறித்தார். அடுத்த சீசன் முழுக்க, யார் குவார்ட்டர்பேக் என்ற கேள்வி அணியைக் குடைந்தது. பதினொரு ஆட்டங்களின் முடிவில் ஆறு வெற்றி, ஐந்து தோல்வி. வால்ஷ் தூக்கமின்றித் தளர்ந்துபோயிருந்தார் என்பது அப்போது அருகில் இருந்தவர்கள் எல்லோரும் சொன்னது.

அங்கிருந்து எழுந்தார்கள். 1989 ஜனவரி 22, மயாமி. மீண்டும் சின்சினாட்டி, மீண்டும் பால் பிரவுன். அந்த அணியின் பயிற்சியாளர் சாம் வைச், வால்ஷின் பழைய உதவியாளர். 16-13 என்று பின்தங்கி, மூன்று நிமிடம் பத்து நொடி மிச்சமிருக்கையில், சொந்த எட்டு கஜக் கோட்டில் பந்து. 92 கஜம். மான்டனா ஒவ்வொன்றாக எறிந்தார்: எட்டு, ஏழு, ஏழு. கார்ட்டரின் வலுவற்ற கைக்காக இருபது ஆண்டுகளுக்கு முன் வரைந்த அதே பாடம், அந்தப் பாடம் பிறந்த ஊரின் அணிக்கு எதிராக. 34 நொடிகள் இருக்கும்போது டெய்லரிடம் பத்து கஜத்துக்கு எறிந்த பந்து டச் டவுன் ஆனது. 20-16. ஓய்வறையில் வால்ஷ் மகனைக் கட்டிக்கொண்டு அழுதார். சில நாட்களில் பதவி விலகினார். வயது 57.

சீக்கிரம் போய்விட்டோம் என்று பின்னர் வருந்தினார். அவர் விட்டுப்போன அணி ஜார்ஜ் சீஃபர்ட்டின் தலைமையில் அடுத்த ஆண்டே மறுபடி கோப்பை வென்றது. 1992இல் ஸ்டான்ஃபோர்டுக்குத் திரும்பி முதல் ஆண்டு பத்து வெற்றி கண்டார். அடுத்த இரு ஆண்டுகள் சரியாகப் போகவில்லை. 1999 முதல் சிறிது காலம் ஃபோர்ட்டிநைனர்ஸின் பொது மேலாளர். 2007 ஜூலை 30 அன்று, ரத்தப் புற்றுநோயில், 75 வயதில் காலமானார்.

அவருடைய வேலையில் என்னை ஆழமாகத் தொடுவது 1987இல் அவர் தொடங்கிய ஒன்று. களத்தில் ஆடுபவர்களில் பெரும்பகுதி கறுப்பினத்தவர். பயிற்சியாளர் அறையிலோ அவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவுதான். சமூகவியலாளர் ஹாரி எட்வர்ட்ஸை அணிக்கு ஆலோசகராக அழைத்துவந்த வால்ஷ், கோடைப் பயிற்சி முகாமுக்குக் கறுப்பினப் பயிற்சியாளர்களை அழைத்து, கூட்ட அறையிலும் மைதானத்திலும் உடன் வைத்துக் கற்பித்தார். தன் ஆட்டக் குறிப்புகளை மறைக்கவில்லை. பின்னாளில் சின்சினாட்டியின் தலைமைப் பயிற்சியாளரான மார்வின் லூயிஸ் அந்த வழியில் வந்தவர். அந்தத் திட்டத்தை லீக் முழுவதும் எடுத்துக்கொண்டது. இன்று அது வால்ஷின் பெயரிலேயே நடக்கிறது. தான் ஒரு வாசலில் நிறுத்தப்பட்டதை மறக்காத மனிதர் மற்றவர்களுக்கு வாசலைத் திறந்துவிட்டார் என்றே நான் இதைப் படிக்கிறேன்.

அவருடைய உதவியாளர் மைக் ஹோம்கிரன் 1997 ஜனவரியில் கிரீன் பே அணிக்குச் சூப்பர் பௌல் வென்று கொடுத்தார். ஹோம்கிரனிடம் கிரீன் பேயில் பயின்ற ஆண்டி ரீட், கன்சாஸ் சிட்டிக்கு மூன்று முறை வென்று கொடுத்திருக்கிறார். அதில் இரண்டு, ஃபோர்ட்டிநைனர்ஸுக்கு எதிராகவே. வால்ஷின் மாணவரின் மாணவர், வால்ஷ் கட்டிய அணியை வென்றார்.

அடுத்த முறை இந்த ஆட்டத்தை டிவியில் பார்க்க வாய்த்தால் முதல் பத்து நிமிடம் பந்தை விட்டுவிட்டு ஓரக்கோட்டைக் கவனியுங்கள். பயிற்சியாளர் கையில் உணவக மெனுவைப் போலப் பெரிய தாள் ஒன்று இருக்கும். பிளாஸ்டிக் உறையிட்டு, வண்ணக் கட்டங்களில் பொடி எழுத்தாக நிறைத்தது. உதட்டசைவை எதிரணி படிக்காமல் இருக்க அதை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு பேசுவார். அதன் ஒரு மூலையில், ஆட்டம் தொடங்குவதற்கு முந்தைய நாளே எழுதி முடித்த முதல் பதினைந்து நகர்வுகள் இருக்கும்.